பாதித் தோணி

பகல் பன்னிரண்டு மணி, ஆனால் சூரியன் இல்லை, இனித் தை மாதக் கடைசியில்தான் வரும், அதுவரைக்கும் நோர்வேயின் இந்த வடக்குத் தொங்கலில் மத்தியானம் என்றால் மலைகளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் கசிகிற ஒரு நீலம், அவ்வளவுதான், அந்த நீலத்தில் என் கையுறை தெரிகிறது, கையுறைக்குள் போன் தெரிகிறது, போனில் அண்ணியின் பெயர் தெரிகிறது, அதை அமத்த வேண்டியதுதான் மிச்சம். எல்லாரும் உள்ளே சாப்பிடுகிறார்கள். நான் மட்டும் மீன் தொழிற்சாலையின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு இறங்குதுறைக்கு வந்து நிற்கிறேன், காலையிலிருந்து வெட்டு மேசையடியில் நின்ற காலுக்குக் குளிர் உறைக்கவில்லை, முகத்துக்குத்தான் உறைக்கிறது. பருத்தித்துறையில் இப்போது பின்னேரம், தையல் வகுப்பு முடிந்து அண்ணி வீட்டுக்கு வந்திருப்பார், முகம் கழுவியிருப்பார், போனை மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டிருப்பார். போன கிழமை கதைக்கும்போது சொன்னார், பொங்கல் கழியக் கீரிமலையில் உங்கள் அண்ணைக்கு அந்தியேட்டிக் கிரியை செய்யப்போகிறேன் என்று. கேட்கவில்லை, சொன்னார். இத்தனை வருசமும் கேட்டுக்கொண்டிருந்தவர், நானும் பொறுங்கோ அண்ணி, இன்னும் கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன், இந்த முறை அவர் கேட்கவில்லை. உடம்பு இல்லாதபடியால் தர்ப்பையில் ஓர் உரு முடிந்து அதைத்தான் எரிப்பார்களாம், ஐயரோடு கதைத்தாயிற்றாம், மகள் நிலானியே முன்னுக்கு நின்று செய்யட்டும் என்று ஐயர் ஒத்துக்கொண்டாராம், ஒன்றே ஒன்றுதான் மிச்சமாம், ஐயர் திதி கேட்கிறாராம், அதை நான் யோசித்துச் சொல்ல வேண்டுமாம். திதி. அண்ணை செத்த நாள். பதினாலு வருசத்துக்கு முந்தி, ஐப்பசி மாதம், பூரணைக்கு அடுத்த நாள் விடியப்புறம், கட்டுமரத்தில் தனியே வலை எடுக்கப் போன புவனேந்திரன் என்கிற என் அண்ணை திரும்பி வரவில்லை, கட்டுமரமும் வரவில்லை, வலையும் வரவில்லை, கடல் எடுத்ததோ வேறு ஆரும் எடுத்தார்களோ என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, அவன் எந்த நாளில் செத்தான் என்பதை உலகத்தின் உச்சியில் மீன் வெட்டிக்கொண்டு நிற்கிற நான் சொல்ல வேண்டும். கையுறையைக் கழற்றுகிறேன். விரல் விறைக்கிறது. திரும்பப் போடுகிறேன்.

துறையின் தொங்கலில், தண்ணீரில் என்னவோ இருக்கிறது. வந்து நின்றபோதே கண்டேன், காணாத மாதிரி மலைப் பக்கம் திரும்பி நின்றேன், ஆனாலும் கண்ணின் ஓரத்தில் அது ஏறுகிறது, இறங்குகிறது, ஒரு தலையளவு கறுப்பு, அதைச் சுற்றித் தலைமயிர் மாதிரி ஏதோ விரிந்து கிடக்கிறது. பார்க்கக் கூடாது, பார்த்தாலும் நீ பார்த்தது அதற்குத் தெரியக் கூடாது என்று குன்வோர் சொல்லியிருக்கிறாள். குன்வோர் எனக்குப் பக்கத்து மேசைக்காரி, இந்தத் தீவிலேயே பிறந்தவள், வேலையை விட்டு வீட்டில் இருக்க வேண்டிய வயது வந்தும் போகாமல் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள், குலேந்திரன் என்ற என் பெயரைக் கூலன் என்று வெட்டிக் கூப்பிடுகிறவள். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் இதே இடத்தில் ஒரு பெரிய பாசிக் கட்டி அலையோடு வந்து மரத்தூணில் மோத, சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று பின்வாங்கித் துப்பினாள், என்ன என்று கேட்டேன், திரௌக் என்றாள். எனக்குத் திரௌபதி என்று கேட்டது, இவளுக்கு எப்படித் திரௌபதியைத் தெரியும் என்று முழித்துக்கொண்டு நின்றேன், பிறகுதான் விளங்கியது, அது ஒரு பேய். கடலில் செத்து, உடல் கிடைக்காமல், மண்ணுக்குள் வைக்கப்படாமல் போனவன்தான் திரௌக் ஆகிறானாம், அந்தக் காலத்து மீன்பிடிகாரரின் தோலுடுப்புப் போட்டிருப்பானாம், கழுத்துக்கு மேலே தலைக்குப் பதிலாகப் பாசிதானாம், பாதித் தோணி ஒன்றை வலித்துக்கொண்டு வருவானாம். பாதித் தோணி எப்படி மிதக்கும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். புயல் நாட்களில் அவன் கத்துவானாம், அந்தச் சத்தத்தைக் கேட்டவன் அந்த வருசம் முடிய முந்திக் கடலோடு போய்விடுவானாம். ஏன், பழி வாங்கவா என்று கேட்டேன். இல்லை, தனியே வலிக்கிறான், ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்றாள். பிறகு, எங்கள் அப்பாவும் அப்படிப் போனவர்தான் என்றாள், தேவாலயத்தில் பெட்டி இல்லாமல் பாட்டுப் படித்தார்கள், நான் சின்னப்பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டதும் தோணிக் கொட்டிலுக்குப் போய் இருப்பேன், துடுப்புச் சத்தம் கேட்கும், ஓடிப்போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது என்றாள். குரல் மாறவில்லை. சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போய்ச் சாணைக்கல்லைத் தா என்று கை நீட்டினாள், நான் கொடுத்தேன், அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து என் காதுக்குள் துடுப்புச் சத்தம் வந்து குந்திவிட்டது.

பொதி கட்டும் பக்கத்தில் வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரி லோர்னாவிடம் இதைச் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை, எங்களிடம் அது நெருப்பு என்றாள், தண்ணீரில் செத்தவர்கள் நெருப்பு உருண்டையாகிக் கடலுக்கு மேலே அலைவார்கள், வழி தவறப் பண்ணுவார்கள், சட்டையைக் கழற்றி உட்புறம் வெளியே வரப் போட்டால் விட்டுவிடுவார்கள் என்றாள். எங்களிடமும் நெருப்புத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், கொள்ளிவாய்ப் பேய் என்ற சொல்லை அவளுடைய மொழியிலோ நோர்வே மொழியிலோ எப்படி வைப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன், வாய்க்குள் கொள்ளி வைத்திருக்கிறவன் என்று சொன்னால் சர்க்கஸ்காரன் மாதிரி இருக்கும். எல்லாக் கடல்காரரும் ஒரே ஆளைத்தான் கண்டிருக்கிறார்கள், உடுப்புத்தான் வேறு. பேய் என்றால் அண்ணைக்குக் கரையில்தான் பயம். முனி நிற்கிறது என்று சொல்லும் ஆலமரத்தடியைத் தாண்டும்போது என் கையை நெரித்துப் பிடிப்பான், உனக்குப் பயமாயிருக்கும் எண்டுதான் பிடிக்கிறன் என்பான், என்னிலும் எவ்வளவோ மூத்தவன், உள்ளங்கை நனைந்திருக்கும். கடலில் இறங்கினால் வேறு ஆள். பேய்க்கு உப்புத்தண்ணி ஆகாது, காலை வைச்சதும் கரைஞ்சுபோகும் என்பான். அப்படியென்றால் கடலில் செத்தவன் பேயாகவே ஏலாது, செத்த இடத்திலேயே கரைந்துவிடுவான், சீனி மாதிரி, அப்படியென்றால் குன்வோரின் அப்பா கரைந்துவிட்டார், துடுப்பு வலித்தது யார், அண்ணை கரைந்துவிட்டான், அப்படியென்றால் அண்ணை செத்துவிட்டான் என்று நான் ஒத்துக்கொண்டதாகிவிடும், இல்லை, அப்படியில்லை, செத்திருந்தால் என்றுதான் சொன்னேன், இருந்தால். செய்தி வந்த அந்த முதல் மாரியில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கொட் மீனின் வயிற்றைக் கீறும்போது இரைப்பையையும் கீறிப் பார்ப்பேன். இந்தக் கடல் மீனுக்கும் எங்கள் கடலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று தெரியும், தெரிந்துகொண்டேதான் கீறுவேன், நண்டு, சின்ன மீன், கல், ஒருமுறை ரப்பர் கையுறையின் ஒற்றை விரல், அன்றைக்குக் கழிப்பறையில் போய் நெடுநேரம் இருந்தேன். குன்வோர் மக்கெரல் மீன் சாப்பிடுவதில்லை, அது கடலில் செத்தவர்களைத் தின்னும் என்று இந்தத் தீவில் ஒரு கதை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை.

ஆனால் அவன் செத்திருக்க வேண்டியதில்லை. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம் மூங்கில் வீடுகள் உள்ள ஒரு கரையில் ஒதுங்கியிருக்கலாம், மொழி தெரியாத ஊர்ச் சிறையில் பெயரைப் பிழையாக எழுதி வைத்திருக்கலாம், அந்தமானில் தலையில் அடிபட்டு எல்லாம் மறந்து யாருடையவோ கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கலாம், ஒரு பெண் வேறொரு பெயர் சொல்லிக் கூப்பிட அவன் ஓம் என்று திரும்பிப் பார்க்கலாம். இவ்வளவு வருசமும் இவர்களை எல்லாம் நான்தான் வைத்திருக்கிறேன், பட்டினி போடாமல், காலத்துக்குக் காலம் வயதும் கொடுத்து, சிறையில் இருக்கிறவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது, அந்தமானில் இருக்கிறவனுக்கு முன்பல் ஒன்று போய்விட்டது, சிரித்தால் அப்பாவைப் போலவே இருக்கிறான். நான் நோர்வேக்குப் புறப்பட்ட நாளில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோதும் அண்ணை அப்படித்தான் சிரித்தான், பஸ் வெளிக்கிட்டதும் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு திரும்பி நின்றான், அதற்குப் பிறகு நான் அவனைக் காணவில்லை, எனக்கு அவனுடைய முதுகுதான் கடைசி. ஒரு திதியைச் சொன்னால் இவர்கள் எல்லாரும் ஒரே நாளில் தாழ்ந்துபோவார்கள். பிறகு எனக்கு யார். இந்தத் தீவில் ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள், தொழிற்சாலை விடுதியின் கீழ்த்தட்டில் பிள்ளையார் படம் வைத்துப் பொங்கினோம், பனிக்குள் கரப்பந்து அடித்தோம், கலியாணம் கட்டிக் கட்டி ஒஸ்லோவுக்கும் லண்டனுக்கும் போனார்கள், எனக்குப் பேசி வந்த இடங்களுக்கு அண்ணையின் விசயம் முடியட்டும் என்று சொன்னேன், அது முடியவில்லை, பேசி வருகிறவர்களும் நின்றுபோனார்கள். கடைசியாய்ப் போன தவநேசன் சட்டி பானையை என்னிடம் தந்துவிட்டு நீயும் வாவன் குலம் என்றான், வாறன் என்றேன். ஏன் போகவில்லை என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியாது, ஒஸ்லோவிலும் கடல் இருக்கிறதுதான், ஆனால் அது வீட்டுப் பிராணி மாதிரி, இங்கேதான் அது கடல். தமிழ் இப்போது போனில் மட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவில் மட்டும், சில நாட்களில் வாயைத் திறந்து ஏதாவது சொல்லிப் பார்ப்பேன், உப்பு, கதவு, நாளைக்கு, என்று, சொல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அது கிட்ட வந்துவிட்டது. நான் பார்க்கவில்லை, ஆனால் கிட்ட வந்துவிட்டது என்று தெரிகிறது, துறையின் ஏணியடியில் தண்ணீர் மரத்தில் தட்டுகிற சத்தம் மாறியிருக்கிறது, தட்டுவது தண்ணீர் இல்லை, கனமான ஒன்று, தட்டுகிறது, நிற்கிறது, தட்டுகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று கேட்கிற மாதிரி. திரும்பினேன். கறுப்புத் தலை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான பாசி, ஒரு கணம் அது என்னைப் பார்த்தது, பிறகு மற்றப் பக்கம் திரும்பியது. பயம் வந்தது, ஆனால் அது வந்த அதே வழியால் இன்னொன்றும் வந்தது, எல்லாக் கடலும் ஒரே தண்ணீர்தானே, பருத்தித்துறையில் தள்ளிவிட்டால் எவ்வளவு காலம் எடுத்தாலும் ஒருநாள் இங்கே வந்துதானே ஆக வேண்டும், பதினாலு வருசம் தனியே வலித்தால் வரலாம்தானே, தம்பி எங்கே நிற்கிறான் என்று தெரியும்தானே, நான்தானே விலாசம் கொடுத்தேன். அது கத்தினால் எந்த மொழியில் கத்தும். அண்ணை என்று கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன், வாயிலிருந்து புகை போனது, எவ்வளவு காலம் இந்தச் சொல்லை ஆளைப் பார்த்துச் சொல்லாமல் இருந்திருக்கிறேன், அண்ணை, நான் குலம், இஞ்சால வா. அது ஆடியது. இரு, நான் வாறன் என்றேன். அலை ஒன்று வந்து அதைப் புரட்டிப்போட, பாசிக்குக் கீழே செம்மஞ்சள் நிறம் தெரிந்தது, பிளாஸ்ரிக், அறுந்த கயிறு, யாருடையவோ வலை மிதவை. மிதவைதான். வேறு ஒன்றும் இல்லை. அப்போதுதான் என் காலைப் பார்த்தேன். ஒரு கால் துறையில் இல்லை, ஏணியின் பனி மூடிய படியில் இருந்தது, மற்றக் காலும் குதியைத் தூக்கியபடி புறப்பட நின்றது, ஒரு கை ஏணிக் கம்பியில், எப்போது இறங்கினேன், எப்போது கம்பியைப் பிடித்தேன், கீழே கடல் கறுப்பாக, அமைதியாக, வாவென்றும் இல்லை போவென்றும் இல்லை. இந்தத் தண்ணீரில் விழுந்தவனுக்குக் கூப்பிடக்கூட நேரம் இருக்காது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தந்தார்கள். காலை ஒவ்வொன்றாக மேலே எடுத்தேன், மரப்பலகையில் முழங்காலை ஊன்றி இருந்தேன், மற்றக் கைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது, எவ்வளவு நேரமாய் அடிக்கிறது என்று தெரியவில்லை.

அண்ணிதான். நீங்கள் எடுக்காதபடியால் நானே எடுத்தேன் என்றார், வேலையோ என்றார், இல்லை, சாப்பாட்டு நேரம்தான் என்றேன். ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்டார், குளிர் என்றேன். அந்தப் பக்கம் காகம் கத்தியது, மோட்டார் சைக்கிள் ஒன்று போனது, வெயிலின் சத்தம் என்று ஒன்று இருந்தால் அதுவும் கேட்டது. பிறகு நான் கேட்டேன், ஏன் அண்ணி என்னைச் சொல்லச் சொல்கிறீர்கள், நீங்கள்தானே அவரோடு இருந்தனீங்கள்.

"நான் ஒரு நாளைச் சொன்னா, அண்டையோட நான் அவரை விட்டிட்டன் எண்டு ஆகிடும் தம்பி. எனக்கு அது ஏலாது. நீங்கள் கூடப் பிறந்தவர், நீங்கள் சொன்னா நான் கேப்பன்."

அழவில்லை, அழுது முடித்தவர்களின் குரல். கதவு தட்டுப்படும் ஒவ்வொரு முறையும் எழும்புவது களைத்துவிட்டது என்றார், நாய் தட்டினாலும் எழும்புகிறேன், காற்றுத் தட்டினாலும் எழும்புகிறேன், இப்போது நிலானியும் எழும்பத் தொடங்கிவிட்டாள், அவள் தகப்பனைக் கண்டதே இல்லை, வயிற்றில் இருந்தவள், அவள் ஏன் எழும்ப வேண்டும். நாள் தெரியாவிட்டால் அமாவாசைக்கு வைக்கலாம் என்று ஐயர் சொல்கிறாராம், கன பேர் அப்படித்தான் செய்கிறார்களாம், அப்படி வைப்போமா. அமாவாசை. அண்ணை போனது பூரணைக்கு அடுத்த நாள். அமாவாசை என்றால் நிலவு தேய்ந்து முடியுமட்டும் அவன் அந்தக் கட்டுமரத்தில் கிடந்திருக்க வேண்டும், பகலில் வெயில், கண்ணுக்கு எட்டிய இடமெல்லாம் குடிக்க ஏலாத தண்ணீர், உதடு வெடித்து, நாக்குத் தடித்து, ஒவ்வொரு இரவும் நிலவு சிறுத்துச் சிறுத்து, எங்களை ஒவ்வொருவராய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு. நான் இவ்வளவு காலமும் அவனை அப்படித்தானே வைத்திருந்தேன். சிறையில் இருந்தவனும் அந்தமானில் இருந்தவனும் அந்தக் கட்டுமரத்தில் கிடந்துதானே அங்கே போய்ச் சேர்ந்தார்கள், அதை மட்டும் நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை, கரையேறியதிலிருந்துதான் நினைத்தேன். பதினாலு வருசமாய் அவனுக்குத் தாகம்.

"பிரதமை," என்றேன். "போன அண்டைக்கேதான் அண்ணி. விடிய முந்தியே."

காகம் நின்றுவிட்டது.

"அப்ப கன நேரம் தண்ணியில கிடந்திருக்க மாட்டார், என்ன?"

"இல்லை அண்ணி."

"தாகமும் வந்திருக்காது."

"வந்திருக்காது."

போனைக் கையால் பொத்தினார் போல, சத்தம் மங்கியது, அதற்குள்ளால் நிலானி ஏதோ கேட்பதும் அவர் ஏதோ சொல்வதும் கேட்டது, பிறகு பொத்தின கையை எடுத்தார். சரி தம்பி, ஐயரிடம் சொல்கிறேன் என்றார். அந்தச் சரியில் என்னவோ இறக்கி வைக்கப்பட்டது, தூரத்தில் ஒரு பெரிய பாரத்தை மெல்ல நிலத்தில் வைக்கிறபோது கேட்கிற மாதிரி. நீங்கள் சாப்பிட்டீர்களோ என்று கேட்டார். ஓம் என்றேன், சாப்பாட்டுப் பெட்டி உள்ளே திறக்காமல் இருந்தது. நல்ல உடுப்பாய்ப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ, மார்புச் சளி பிடிக்கும் என்றார், வைத்துவிட்டார்.

எழும்ப நினைத்தேன், முழங்கால் பலகையோடு ஒட்டின மாதிரி இருந்தது. தெற்கே அந்த நீலம் ஏற்கெனவே வற்றத் தொடங்கியிருந்தது. சிறையில் இருந்தவனைத் தேடினேன், அவன் இல்லை, அந்தமான்காரனும் இல்லை, பஸ் நிலையத்தில் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நிற்கிறவன் மட்டும் நின்றான், அவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்கதவு திறந்து வெளிச்சம் துறையில் விழுந்தது. கூலன், மணி அடித்துவிட்டது என்று குன்வோரின் குரல். நான் திரும்பவில்லை. பனி நொறுங்க நடந்து வந்து பக்கத்தில் நின்று என் முகத்தைக் குனிந்து பார்த்தாள், என்ன நடந்தது என்று கேட்டாள். அவளுடைய மொழியில் நான் மீன் பற்றிக் கதைத்திருக்கிறேன், காலநிலை பற்றி, வாடகை பற்றி, பல்வலி பற்றிக் கதைத்திருக்கிறேன், இதைச் சொன்னதில்லை, எந்த மொழியிலும் சொன்னதில்லை.

"என்னுடைய அண்ணன் செத்துப்போனான்," என்றேன்.

"எப்போது?"

"பூரணைக்கு அடுத்த நாள்."

எந்தப் பூரணை என்று அவள் கேட்கவில்லை. தலையில் இருந்த நீலப் பிளாஸ்ரிக் தொப்பியைக் கழற்றிக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள், வெள்ளைத் தலைமயிர் காற்றில் பறந்தது, கடலைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே இயந்திரங்கள் ஓடத் தொடங்கிவிட்டன, யாரோ எங்கள் இரண்டு பேரின் பெயரையும் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.